என்ஜின்காரரும் வாடைக்காற்றும்

என் கணவர் அம்புரோஸுக்குச் சத்தம் இல்லாமல் தூக்கம் வராது. கல்யாணமான நாளிலிருந்து அவருக்குச் சரக்குக் கப்பலில் என்ஜின் அறை வேலை. ஒன்பது மாதம் கப்பல், மூன்று மாதம் தூத்துக்குடி. அந்த மூன்று மாதமும் மதியம் சாப்பிட்டு முடித்ததும் எங்கள் வீட்டுப் பழைய டேபிள் ஃபேனைத் தலைமாட்டில் வைத்துக்கொள்வார். அது தருகிற காற்றைவிடச் சத்தம்தான் அதிகம். கடகடவென்று தெருமுனை வரை கேட்கும். கரண்ட் போய் அது நின்றுவிட்டால், கட்டிலிலிருந்து துள்ளி எழுந்து வாசல் வரை ஓடிவிடுவார். அப்புறம்தான் இது கப்பல் இல்லை, வீடு என்று ஞாபகம் வரும். அசடு வழியத் திரும்பி வருவார். நான் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரிப்பேன்.

சிரிப்பேனே தவிர, அவர் பெட்டி கட்டும்போது ‘போகாதீங்க’ என்று ஒரு தடவைகூடச் சொன்னதில்லை. எங்கள் அம்மா அப்படிச் சொல்லி அழுது அப்பாவைக் கடலுக்குப் போகவிடாமல் நிறுத்திய நாட்கள் உண்டு. அப்பா அன்றைக்கெல்லாம் வீட்டில்தான் இருப்பார், ஆனால் யார் பேசினாலும் பதில் சொல்லமாட்டார். அந்த மாதிரி ஒரு ஆளை வீட்டில் வைத்துக்கொண்டு நான் என்ன செய்வது? தானாக நின்றால் நிற்கட்டும் என்று இருந்துவிட்டேன். வீம்பு என்றால் வீம்புதான்.

போன விடுமுறையில் ஒரு கல்யாணத்துக்காகக் கொச்சிக்குப் போயிருந்தோம். அங்கே காயல் ஓரத்தில் ஒரு பழைய பாய்ப்படகை முட்டுக் கொடுத்து நிறுத்தி, ‘விற்பனைக்கு’ என்று அட்டை கட்டியிருந்தார்கள். எங்கள் வீட்டு முன்னறைக்குள் அடக்கிவிடலாம் போல அவ்வளவு சின்னது. அடிப்பக்கமெல்லாம் பாசி. அம்புரோஸ் அதைத் தர்ப்பூசணி வாங்குகிறவர் மாதிரி விரலால் தட்டித் தட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார். நான் செருப்பைக் கழற்றிப் போட்டுவிட்டு உள்ளே ஏறிவிட்டேன்.

எங்கள் கரையில் பொம்பளைகள் வள்ளத்தில் கால் வைக்கக் கூடாது. திருவிழா அன்று அப்பாவின் வள்ளத்துக்கு வெளியே நின்று முனையில் மாலை போடலாம், அத்தோடு சரி. கடலுக்குப் பக்கத்திலேயே பிறந்து வளர்ந்து, ஐம்பது வயதுக்குக் கிட்டத்தில் முதல்முறையாக ஒரு படகுக்குள் நின்றேன், அதுவும் தரையில். இருந்தும் எனக்கு இறங்க மனசு வரவில்லை. அம்புரோஸ் கீழே நின்று என் முகத்தையே பார்த்தார். அன்றைக்கே விலை பேசி முடித்தார். விற்ற மனிதர் அவருடைய இன்னொரு படகில் ஒரு வாரம் எங்கள் இருவருக்கும் பாய் பிடிக்கச் சொல்லிக்கொடுத்தார். எனக்கு அது சட்டென்று பிடிபட்டது. காற்று எந்தக் காதில் படுகிறது என்று பார்த்தால் போதும். அம்புரோஸ் மட்டும் காற்றுக்கு ஒரு ஸ்விட்ச் இருக்கும் என்று கடைசி வரை தேடிக்கொண்டிருந்தார்.

லாரியில் ஏற்றிக் கொண்டுவந்து, தருவைக்குளம் ரோட்டில் ஏசுவடியான் அண்ணாச்சியின் ஃபைபர் வள்ளப் பட்டறையில் இறக்கினோம். படகின் அடியைச் சுரண்டச் சுரண்ட அம்மை போட்ட மாதிரிக் கொப்புளங்கள். ஒவ்வொன்றையும் தேய்த்துத் திறந்து, காயவைத்து, ஃபைபர் துணியும் பசையும் வைத்து மூடினோம். தூள் பட்டு உடம்பெல்லாம் அரிக்கும். இரண்டு பேரும் முகத்தில் பவுடரை அப்பிக்கொண்டு வேஷக்காரர்கள் மாதிரி உட்கார்ந்து டீ குடிப்போம். அவர் கப்பலுக்குப் போன மாதங்களில் நான் பாய் வேலையை எடுத்துக்கொண்டேன். தார்ப்பாய் தைக்கிற கடையில் மெஷினைக் கேட்டு வாங்கி, கிழிசலுக்கெல்லாம் ஒட்டுப் போட்டேன். பாயை இழுக்கிற கயிறுகள் வளையத்தைவிட்டு நழுவிப் போகாமல் இருக்க, கொச்சிக்காரர் காட்டியபடி ஒவ்வொரு நுனியிலும் தடிமனாக முடிச்சுப் போட்டுவைத்தேன்.

அம்புரோஸ் திரும்பி வந்ததும் கவனமெல்லாம் என்ஜின் மேல் போய்விட்டது. சின்ன டீசல் என்ஜின்தான். அதைக் குழந்தையைக் குளிப்பாட்டுகிற மாதிரி தினமும் துடைப்பார். குழாய்க்குக் குழாய் வேறு வேறு வர்ணம் அடித்தார்.

“ஏங்க, படகுக்கு என்ஜின் வைக்குதீயளா, என்ஜினுக்குப் படகு கட்டுதீயளா?” என்று கேட்டேன்.

ஏசுவடியான் அண்ணாச்சி பசை வாளியைக் கலக்கிக்கொண்டே, “விடு தாயி. கப்பல்காரருக்கு டீசல் வாசம் இல்லாம சோறு எறங்காது” என்றார்.

தை மாதம், எல்லாம் முடிந்து படகு தண்ணீரில் இறங்கிய வாரத்தில், மும்பையில் இருக்கிற கப்பல் கம்பெனியிலிருந்து போன் வந்தது. இன்னொரு கப்பல், சிங்கப்பூரில் ஏறவேண்டும். போகவேண்டிய கட்டாயம் இப்போது இல்லை. மகள் ஷெர்லின் கோயம்புத்தூரில் வேலைக்குப் போய்விட்டாள், வீடும் எங்கள் வீடு. ஆனாலும் சனிக்கிழமை பதில் சொல்வதாகச் சொல்லிவிட்டுப் போனை வைத்தார்.

“என்ன சொல்லப் போறீய?” என்றேன், மீனை அலசிக்கொண்டே.

“தெரியலியே. சனிக்கிழமை படகுல மணப்பாடு போவோம். அங்கன வச்சுச் சொல்லிக்கிடலாம்.”

எனக்கு வாய் வரை வந்தது ‘போகாதீங்க’ என்கிற ஒரு சொல்தான். அதையும் விழுங்கிவிட்டு மீனுக்கு மஞ்சள் போட்டேன்.

சனிக்கிழமை விடியற்காலையில் கிளம்பினோம். துறைமுகத்துத் தடுப்புச் சுவரைத் தாண்டியதும் வாடைக்காற்று முதுகுப் பக்கம் இதமாகப் பிடித்தது. மணப்பாடு தெற்கே இருக்கிறது, காற்றோ வடக்கிலிருந்து வருகிறது. வேறென்ன வேண்டும்? பெரிய பாயையும் முன்பாயையும் ஏற்றினோம். சுக்கான் என் கையில். அனல்மின் நிலையத்துப் புகைபோக்கிகள் பின்னால் போயின. ஒரு காலத்தில் முத்துக் குளித்த பார்கள், அந்தப் பாறைத் திட்டுகளெல்லாம், இந்தத் தண்ணீருக்கு அடியில்தான் கிடக்கின்றன. எங்கள் வம்சத்தில் யார் யாரோ மூச்சைப் பிடித்துக்கொண்டு மூழ்கியிருக்கிறார்கள், ஆனால் என் காதுத் தோட்டில் இருப்பது நகைக்கடை முத்து.

“என்ஜின நிறுத்துங்க” என்றேன்.

நிறுத்தினார். படகு அதே வேகத்தில் போனது. எனக்கு வாய்விட்டுச் சிரிக்கவேண்டும் போலிருந்தது. அம்புரோஸின் முகம் மட்டும், கரண்ட் போன மதியத்தில் வாசலுக்கு ஓடுவாரே, அந்த முகமாக ஆகிவிட்டது. கொஞ்ச நேரம் பல்லைக் கடித்துக்கொண்டு இருந்தார். பிறகு, “பேட்டரி கொஞ்சம் சார்ஜ் ஆவட்டும்” என்று மறுபடி கிளப்பிவிட்டார்.

புன்னைக்காயலைத் தாண்டும்போது மறுபடி நிறுத்தச் சொன்னேன். இந்தத் தடவை டீசலில் காற்று புகுந்திருக்கும், ஓட்டிப் பார்க்கவேண்டும் என்றார். எனக்குக் கோபம் வந்துவிட்டது. பாயை விரித்து வைத்துக்கொண்டு புகையைக் கக்கிக்கொண்டு போவதற்கு பஸ்ஸில் போயிருக்கலாமே. அதை அவரிடமும் சொன்னேன். அவர் காதில் விழவில்லை. என்ஜின் ஓடும்போது அவருக்குப் பக்கத்தில் இருந்துகொண்டு எது சொன்னாலும் விழாது.

திருச்செந்தூர்க் கோபுரம் தெரிந்தபோது ஒரு பெரிய அலை படகைத் தூக்கிப் போட்டது. முன்பாயை இழுத்துக் கட்டியிருந்த கயிறு பிடியிலிருந்து விடுபட்டு, வளையத்தின் வழியாக விறுவிறுவென்று ஓடி, முழுதாக வெளியே போய்க் கடலில் விழுந்தது. அடுத்த நொடி படகுக்கு அடியில் ஒரு முறுக்கல். என்ஜின் ஒரு தடவை உதறிவிட்டு நின்றுபோயிற்று.

“கயிறு புரொப்பல்லர்ல சுத்திட்டு” என்றார் அம்புரோஸ்.

“நான் நுனியில முடிச்சுப் போட்டிருந்தேனே?”

அவர் குனிந்து சட்டைப் பொத்தானைக் கழற்றத் தொடங்கினார். மற்றக் கயிறுகளின் நுனிகளைப் பார்த்தேன். எல்லா முடிச்சையும் அவிழ்த்து, நுனியைத் தீயில் கருக்கி, வழுவழுவென்று அழகாக ஆக்கிவைத்திருந்தார். கப்பலில் கயிற்று நுனி அப்படித்தான் இருக்கவேண்டுமாம். அந்தக் கப்பலில் எந்தக் கயிற்றை இவர் பிடித்தார் என்று கேட்க வாய் வந்தது. ஆனால் மனிதர் அதற்குள் சட்டையைக் கழற்றிக் கத்தியை எடுத்துவிட்டார்.

“எறங்கி அறுத்துட்டு வாரேன்.”

“இந்த அலையில படகு உங்க தலையில வந்து அடிக்கும். உள்ள இருங்க.” சுக்கானை அழுத்திப் பிடித்துக்கொண்டேன். “என்ஜின்தான நின்னுச்சு? பாய் இருக்கு, காத்து இருக்கு. முன்பாயை மட்டும் சரி பண்ணணும்.”

முன்பாயின் மூலையிலிருந்து அந்தக் கயிறு அடியில் சிக்கி விறைத்துக்கொண்டு நின்றது. அதை அவர் மேலேயே அறுத்தார். பாய் விடுபட்டுப் படபடவென்று அடித்தது. நான் படகைக் காற்று போகிற பக்கமே திருப்பினேன். பெரிய பாயின் மறைவில் முன்பாய் மெல்ல அடங்கித் தொங்கியது. “இப்ப போங்க, தவழ்ந்து போங்க” என்றேன். அம்புரோஸ் நாலு காலில் தவழ்ந்து போய், பாயின் மூலையைப் பிடித்து வேறு கயிற்றைக் கட்டி, வளையத்துக்குள் விட்டு, நுனியில் ஒரு முடிச்சுப் போட்டார். என்னைத் திரும்பிப் பார்த்துவிட்டு, அதன் மேலேயே இன்னொரு முடிச்சும் போட்டார்.

மறுபடி தெற்கே திரும்பினோம். இப்போது சத்தமே இல்லை. அம்புரோஸ் என் காலடியில் வந்து உட்கார்ந்து, இரண்டு கையாலும் பலகையைப் பிடித்துக்கொண்டார்.

“என்ன செய்யுது?” என்றேன்.

“ஒன்னும் கேக்கல ஹில்டா. என்ஜின் ரூம்ல சத்தம் நின்னா எல்லாம் போச்சுன்னு அர்த்தம். லைட்டு போயிரும், கப்பல் அலைக்குக் குறுக்கத் திரும்பிரும். தூக்கத்துலயும் அதத்தான் கேட்டுக்கிட்டுக் கெடப்போம்.”

இத்தனை வருஷம் அந்த ஓட்டத்தைப் பார்த்துச் சிரித்திருக்கிறேன். அது பயம் என்று எனக்குத் தெரியவே தெரியாது. அவர் தலையைப் பிடித்துப் படகின் பக்கவாட்டில் காதை வைக்கச் செய்தேன்.

“தண்ணி போற சத்தம் கேக்குதா? அது நின்னா நீங்க எந்திரிங்க. அதுவரைக்கும் நான் பாத்துக்கிடுதேன்.”

ரொம்ப நேரம் காதை எடுக்கவில்லை. “ஓடுது” என்றார் ஒருமுறை. “நல்லாத்தான் ஓடுது.” ஆலந்தலைக்கு நேரே வரும்போது பார்த்தேன், வாய் லேசாகத் திறந்திருக்கத் தூங்கிப்போயிருந்தார். ஃபேன் இல்லை, என்ஜின் இல்லை. என் கால்மேல் அவர் கை கிடந்தது.

குலசேகரன்பட்டினத்துக்கு அருகில் கரை கிட்டே வந்தபோது, அவர் கழற்றிப் போட்டிருந்த சட்டைக்குள்ளிருந்து போன் அடித்தது. எடுத்துப் பார்த்தேன். ‘மும்பை ஆபீஸ்’. எடுக்காமல் விட்டால் தானாக நின்றுவிடும். கை தவறிக் கடலில் விழுந்துவிட்டது என்று சொன்னாலும் நம்புகிற மனிதர்தான் அவர். போன் அடித்துக்கொண்டே இருந்தது. தூரத்தில் மணப்பாட்டு மணல் குன்றும் அதன்மேல் கோயிலும் தெரிந்தன. நான் அவர் தோளைத் தட்டினேன்.

“ஏங்க, உங்களுக்குத்தான்.”

எழுந்து உட்கார்ந்து, கண்ணைக் கசக்கிக்கொண்டு பேசினார். கப்பல் இங்கிலீஷில் அவர் சொன்னது எனக்குப் புரிந்தவரை இவ்வளவுதான்: கடலில் இருக்கிறேன், புரொப்பல்லரில் கயிறு சுற்றிவிட்டது, என்ஜின் நின்றுவிட்டது. எந்தக் கப்பல் என்று கேட்டிருப்பார்கள் போல. “சின்னது சார்” என்றார். பிறகு போனைக் கையால் பொத்திக்கொண்டு என் பக்கம் திரும்பினார்.

“என்னைக்கு வரமுடியும்னு கேக்கான். நீ என்ன சொல்லுத?”

அவரும் இதுவரை என்னிடம் கேட்டதில்லை. பெட்டியைக் கட்டுவார், நான் முறுக்கும் ஊறுகாயும் கட்டிக் கொடுப்பேன், வாசலில் ஆட்டோ நிற்கும். கேட்டிருந்தால் சொல்லியிருப்பேனோ என்னவோ. இப்போது கேட்டுவிட்டு என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“போவாதீங்க” என்றேன். குரலே எழும்பவில்லை. அவ்வளவு மெதுவாகத்தான் சொன்னேன்.

என்ஜின் ஓடியிருந்தால் அது அவர் காதில் விழுந்திருக்காது. விழுந்தது. அம்புரோஸ் போனைக் காதில் வைத்து, “இனிமே வரமுடியாது சார். மன்னிச்சுக்கிடுங்க” என்று தமிழிலேயே சொல்லிவிட்டார். அந்த ஆளுக்குப் புரிந்ததோ இல்லையோ, எனக்குப் புரிந்தது. நான் அழுதேன். சுக்கானை மட்டும் விடவில்லை.

மணப்பாட்டுக் கரையில் வலை சீர்பண்ணிக்கொண்டிருந்தவர்கள் எழுந்து நின்று பார்த்தார்கள். ஒரு பொம்பளை படகை ஓட்டிக்கொண்டு வருகிறாள், ஆம்பளை முன்னால் நின்று கயிறு பிடிக்கிறான். இரண்டு பேர் தண்ணீரில் இறங்கி வந்து படகைப் பிடித்து நிறுத்தினார்கள். புரொப்பல்லரில் சுற்றிய கயிற்றை அம்புரோஸ் மறுநாள்தான் அறுத்து எடுத்தார். அவருக்கு ஒன்றும் அவசரம் இல்லை.

ஊருக்குத் திரும்பியதும் அந்த டேபிள் ஃபேனைத் தூக்கிக் கொண்டுபோய் ஏசுவடியான் அண்ணாச்சி பட்டறையில், பசை காய்வதற்கு ஆகட்டும் என்று கொடுத்துவிட்டார். அன்றைக்கு மதியம் சாப்பிட்டுவிட்டுப் படுத்தவர் கட்டையாகத் தூங்கினார். வீடு அவ்வளவு அமைதியாக இருந்தது. எனக்குத்தான் புரண்டு புரண்டு படுத்தும் தூக்கம் வரவில்லை.