நாற்காலிக்குப் பின்னால்

மூன்று வருடத்துக்கு ஒரு முறை, ஜூன் மாதம் முதல் ஞாயிறு, காலை பத்து மணி. குடும்பப் படம் எடுப்பதில் வரைபடக்காரர் வைத்திருந்த ஒழுங்கு அது. காய்ச்சலும் மழையும் அதை மாற்றியதில்லை. மகன் பரீட்சையில் தோற்று முகத்தைத் தூக்கி வைத்திருந்த வருடம்கூட, அந்த முகத்தைக் கழுவச் சொல்லி அழைத்துப் போனார்.

பம்பு செய்யும் தொழிற்சாலையில் முப்பத்தைந்து ஆண்டுகள் வரைபடம் போட்டவர். வீட்டில் அவர் முதுகுக்குப் பின்னால் வழங்கிய பெயர் ‘ஸ்கேல்’. “உங்கப்பா உட்கார்ந்தாலும் நின்னுக்கிட்டிருக்கற மாதிரிதான்” என்பாள் மனைவி, அவர் காதில் விழும்படியே. படம் எடுக்க ஒரு வாரம் இருக்கும்போதே, கட்டம் போட்ட தாளில் அவரவர் இடத்தை வட்டமாகப் போட்டுவிடுவார். நடுவில் இரண்டு நாற்காலிகளில் அவரும் மனைவியும். அவர் பக்கம் மகன். மனைவியின் வலப்பக்கத்தில், நாற்காலிக்கு அரையடி பின்னால் சின்னவள்.

அந்த அரையடிக்குக் காரணம் இருந்தது. சின்னவளுக்குப் பிறவியிலேயே இடது கை மணிக்கட்டோடு முடிந்திருந்தது. குழந்தையைப் பார்க்க வந்த உறவுக்காரி ஒருத்தி துணியை விலக்கிப் பார்த்து “ச்சு” என்றாள். அந்தச் சத்தம் அவர் காதுக்குள் போய் அங்கேயே தங்கிவிட்டது. தன் மகளைப் பார்த்து இனி ஒரு வாய் ‘ச்சு’ கொட்டக்கூடாது என்று அன்றைக்கு முடிவு செய்தார். முதல் படத்தில் அந்தக் கை துணிக்குள் இருந்தது. அடுத்த ஏழு படங்களிலும் நாற்காலிக்குப் பின்னால் இருந்தது. கூடத்துச் சுவரில் வரிசையாகத் தொங்கிய எட்டுப் படங்களையும் பார்த்தவர்கள், “லட்சணமான குடும்பம்” என்று சொல்லிவிட்டுத்தான் போனார்கள். மகளைச் சேர்க்கத் தயங்கிய பள்ளிக்கூடத்தில் மேசையைத் தட்டிச் சண்டை போட்டவரும் இதே மனிதர்தான். அதையும் சொல்லிவிட வேண்டும்.

போன அக்டோபரில் மனைவி இறந்துபோனாள். மே மாதக் கடைசியில் அவர் ஒன்பதாவது தாளை எடுத்து, நடு நாற்காலிகளில் ஒன்றை நீக்கிவிட்டு வட்டங்களைப் போட்டார். மகனுக்கு ஃபோன் செய்தார். அவன் வருவதாகச் சொன்னான். பிறகு மகளுக்குச் செய்தார்.

“நான் வரலப்பா.”

“ஏன், லீவு கிடைக்காதா?”

“லீவெல்லாம் கிடைக்கும். அந்த நாற்காலிக்குப் பின்னாடி இனிமே என்னால நிக்க முடியாது. அம்மா இருந்தாங்க, நின்னேன்.”

“துக்கம் எல்லாருக்கும்தான் இருக்கு. அதுக்காக இருபத்தஞ்சு வருஷ முறையை விட்டுட முடியுமா?”

“நீங்க விட வேண்டாம்பா. நான் இல்லாம எடுத்துக்குங்க.”

ஃபோனை வைத்துவிட்டாள். அவர் மகனைத் திரும்பக் கூப்பிட்டு, “உன் தங்கச்சிக்குத் திமிர் ஏறிப்போச்சு” என்றார்.

“ஸ்கேல் வச்சுக் கிழிச்ச கோடுப்பா அது. வளையச் சொன்னா எப்படி வளையும்?” என்றான் மகன். அப்பாவிடம் அவன் அந்தப் பெயரைச் சொன்னது அதுதான் முதல் தடவை. அவர் காதில் வாங்காததுபோல், “பத்து மணி, மறந்துடாதே” என்றார்.

மகள் இல்லாமல் ஒரு படம் அந்தச் சுவரில் ஏறினால் வருகிறவன் போகிறவன் என்ன கேட்பான் என்பதுதான் முதலில் அவரை வாட்டியது. இரண்டு நாள் கழித்து, உயரக் கணக்குப் பார்ப்பதற்காகப் பழைய படங்களைச் சுவரிலிருந்து இறக்கி, சாப்பாட்டு மேசையில் பரப்பி, பூதக்கண்ணாடியை எடுத்தார். தொழில் பழக்கம், எதையும் எண்ணிப் பார்ப்பார். நாலு பேர், எட்டுக் கைகள். ஒன்றை அவரே மறைத்துவிட்டார். மிச்சம் ஏழு இருக்க வேண்டும். ஆறுதான் இருந்தது.

தப்பாக எண்ணிவிட்டோம் என்று அடுத்த படத்தை இழுத்தார். அதிலும் ஆறு. அதற்கடுத்ததிலும் ஆறு. மனைவியின் இடது கை மடியில் இருக்கிறது, மோதிரம்கூடத் தெரிகிறது. குழந்தை துணிக்குள் இருந்த முதல் படத்தைத் தவிர, வலது கை எந்தப் படத்திலும் இல்லை. வலது தோள் மட்டும் அந்த ஏழு படங்களிலும் கொஞ்சம் பின்னால் சாய்ந்திருக்கிறது. சின்னவள் நாலு வயதில் நின்ற படத்தில் அதிகமாக, வளர வளரக் குறைவாக. ஒரு முழம் தள்ளி உட்கார்ந்திருந்தவர் அவர். இடத்தையெல்லாம் அளந்து போட்டவரும் அவர்தான். நாற்காலிக்குப் பின்னால் அம்மாவும் மகளும் இத்தனை வருடம் கைபிடித்துக்கொண்டிருந்தது அவருக்குத் தெரியாது.

பூதக்கண்ணாடியைத் துடைத்து உறையில் போட்டார். அழவில்லை. அழத் தெரிந்தவராக இருந்திருந்தால் கொஞ்சம் சுலபமாக இருந்திருக்கும்.

மறுநாள் மகள் வேலை செய்யும் மூக்குக்கண்ணாடிக் கடைக்குப் போனார். அவள் அங்கே கண் பரிசோதிப்பவள். உள்ளறைக் கதவு பாதி திறந்திருந்தது. கண்ணாடி வில்லைகள் இருந்த பெட்டியை இடது முழங்கையில் அணைத்தபடி, மணிக்கட்டின் முனையால் மூடியைத் தள்ளித் திறந்து, வலது கையால் வில்லைகளை மாற்றிக்கொண்டிருந்தாள். நாற்காலியில் தடித்த லாரி டிரைவர் ஒருவர்.

“கையில என்னம்மா ஆச்சு?”

“ஒண்ணும் ஆகலண்ணே. வரும்போதே இப்படித்தான் வந்துச்சு. இது தெரியுது, கடைசி வரி எழுத்து தெரியலையா? இந்தக் கண்ணோடதான் வண்டி ஓட்டிட்டு வந்தீங்களா?”

“கிளீனர் பாத்துச் சொல்வான்மா.”

“அப்ப கண்ணாடியை அவருக்கே போட்டுவிட்டுடலாம்.”

டிரைவர் வயிறு குலுங்கச் சிரித்தார். ‘ச்சு’ சத்தம் வரவில்லை. வரைபடக்காரர் கதவோரம் நின்று அந்தக் கையையே பார்த்தார். வளர்ந்த பிறகு அது எப்படி இருக்கிறது என்று அவர் சரியாகப் பார்த்ததே இல்லை.

டிரைவர் போன பிறகு உள்ளே போய் நின்றார். பையிலிருந்து புதிய தாளை எடுத்து மேசைமேல் விரித்தார். அதில் இரண்டு வட்டங்கள்தான் இருந்தன.

“எனக்கு எங்க இடம் போட்டிருக்கீங்க?”

“போடல. நீயே போட்டுக்கோ.”

அவள் அவர் முகத்தைப் பார்த்தாள். பிறகு இடது மணிக்கட்டால் தாளை அழுத்திப் பிடித்துக்கொண்டு, அப்பாவின் வலப்பக்கத்தில் ஒரு வட்டம் போட்டாள். கோணல் வட்டம். மேசை விளக்கின் வெளிச்சத்தில் அது முன்னால் விழுந்திருக்கிறதா பின்னால் விழுந்திருக்கிறதா என்று அவர் கவனிக்கவில்லை. பக்கத்தில் விழுந்ததே போதும் என்று இருந்தது.

ஞாயிற்றுக்கிழமை பத்து மணி. ஸ்டூடியோவில் முதல் தடவையிலிருந்து படம் எடுப்பவருக்கும் இப்போது தலை நரைத்திருந்தது. நடு நாற்காலியை ஒரு தடவை துடைத்துவிட்டு, மெதுவாகச் சொன்னார்: “சார், ஒரு தடவை அம்மாகிட்ட வலது கையை முன்னாடி வைங்கன்னு சொன்னேன். ‘அது அங்க வேலையா இருக்கு, நீங்க எடுங்க’ன்னாங்க. அதுக்கப்புறம் நான் கேட்டதே இல்ல.”

“தெரியும்” என்றார் அவர். தெரிந்து நாலு நாள்தான் ஆகிறது என்பதைச் சொல்லவில்லை.

உட்கார்ந்தார். இடப்பக்கம் மகன் நின்றான். வலப்பக்கத்தில் மகளின் புடவை உரசும் சத்தம் கேட்டது. விளக்கு வெளிச்சத்தில் கண் கூசியது. “நேரா பாருங்க, அசையாதீங்க” என்ற குரல் வந்ததும், தன் வலது கையை மெல்ல நாற்காலிக்குப் பின்னால் கொண்டுபோய் விரித்து வைத்தார். மனைவியின் கை இருந்த இடம் இதுவாகத்தான் இருக்கும் என்று கணக்குப் பார்த்து வைத்தார். ஒன்றும் வந்து தொடவில்லை. இன்னும் கொஞ்சம் நீட்டினார். வெறும் காற்று. திரும்பிப் பார்க்க முடியாது. விரல்கள் அங்கேயே காத்திருந்தன.

வெளிச்சம் அடித்து ஓய்ந்தது.

அப்புறம்தான் திரும்பினார். மகள் அரையடி முன்னால் நின்றுகொண்டிருந்தாள். இரண்டு கைகளையும் வயிற்றின் முன்னால் ஒன்றன்மேல் ஒன்றாக வைத்திருந்தாள், இடது கை மேலே.

“சார், உங்க வலது கை மறைஞ்சிடுச்சு. இன்னொண்ணு எடுத்துடலாமா?” என்றார் படம் எடுப்பவர்.

மகள் குனிந்து நாற்காலிக்குப் பின்னால் பார்த்தாள். உள்ளங்கை மேலே பார்த்தபடி அந்தக் கை இன்னும் விரிந்தே இருந்தது.

“கையை ஏம்பா அங்க வச்சிருந்தீங்க?”

“தோள்பட்டை வலி” என்றார் அவர், முதுகை நிமிர்த்திக்கொண்டு.

அவள் அந்தக் கையை இன்னொரு தடவை பார்த்தாள். அண்ணன் தண்ணீர் பாட்டிலை நீட்டினான், அதை வாங்கிக்கொண்டு நகர்ந்துவிட்டாள்.

இரண்டாவது படம் வேண்டாம் என்று சொல்லிவிட்டார். ஒன்பதாவது படம் இப்போது வரிசையின் கடைசியில் தொங்குகிறது. பார்க்க வருகிறவர்கள் முதலில் பெண்ணின் கையைப் பார்க்கிறார்கள், பிறகு பார்வையை மாற்றிக்கொள்கிறார்கள். அவர் அதைப் பார்த்துக்கொண்டு பேசாமல் இருக்கிறார். பார்க்க யாரும் வராத பகல்களில் மட்டும் எழுந்துபோய் எண்ணிப் பார்ப்பார். மூன்று பேர், ஆறு கைகள். ஐந்துதான் தெரிகிறது.