ரீம் பண்ணுவது என்றால்

ஓசூரில் அருள்ஜோசப் ஆங்கிலம் நடத்திவந்த சிறிய தனியார் பள்ளி கோடை விடுமுறையோடு மூடப்பட்டது. அதன்பிறகு அவன் பேச்சைக் குறைத்துக்கொண்டே வந்தான். சமைத்தான், துணி துவைத்தான். விண்ணப்பித்த பள்ளிகளிலிருந்து பதில் வராததைப் பற்றி வாயே திறக்கவில்லை. அவன் மனைவி ஜெயசெல்வி சிப்காட்டில் பம்ப் பாகங்கள் செய்யும் ஆலையில் லைன் லீடர். அவள் என்ன கதை சொன்னாலும் அவனிடமிருந்து ஒரு "ம்" மட்டும்தான் வரும்.

ஒரு நாள் சாயங்காலம் அவள் எரிச்சலோடு வந்தாள்.

"புதுசா சேர்ந்தவங்க ஒரு பெட்டி பீஸை வீணாக்கிட்டாங்க. ட்ரில் போட்ட ஓட்டைய ரீம் பண்ணுங்கன்னேன். 'ரிம்'னு கேட்டுக்கினு ஓட்டையோட விளிம்ப மட்டும் சுரண்டி வெச்சிருக்காங்க. அதுல சொருவற ஷாஃப்ட் கம்பி உள்ளயே போவல."

"ரீம்னா என்ன?" என்றான் அருள்ஜோசப்.

அவள் திரும்பிப் பார்த்தாள். அவன் தானாக எதையாவது கேட்டு எவ்வளவோ நாளாகியிருந்தது.

"இங்கிலீஷ் வாத்தியாரு என்னைக் கேக்கறீங்களா?"

"பேப்பர் கட்டுக்கு ரீம்னு சொல்வாங்க. அது எனக்குத் தெரியும்."

"இது வேற. ஓட்டைய துளியூண்டு பெரிசாக்கி உள்ள வழவழன்னு ஆக்கறது."

அவன் போனை எடுத்துத் தேட ஆரம்பித்தான். அடுப்பில் குழம்பு கொதித்து வழிந்தது. அவள்தான் ஓடிப்போய் அணைத்தாள்.

"செல்வி, இங்க வா. பேப்பர் ரீம் அரபியிலேர்ந்து வந்ததாம். உன் ரீம் பழைய இங்கிலீஷ். அகலமாக்கு, இடம் உண்டாக்குன்னு அர்த்தம். ரூம்ங்கற வார்த்தையும் இதே வேருதானாம்!"

அவன் முகத்தில் வந்த களையைப் பார்த்ததும் அவளுக்கு யோசனை வந்தது. "இதையே வந்து எங்க ஆளுங்களுக்குச் சொல்லுங்க. பாதிப் பேரு கன்னடம், பாதிப் பேரு தெலுங்கு. உங்களுக்கு ரெண்டும் வரும்."

"நான் மெஷினைத் தொட்டதுகூட இல்ல."

"மெஷினை நான் காட்டறேன்."

மேற்பார்வையாளர் சுகுணா மதியச் சாப்பாட்டுக்குப் பின் கேன்டீனில் அரை மணி நேரம் கொடுத்தார். அருள்ஜோசப் பயந்துகொண்டேதான் எழுந்து நின்றான். ரீம், ரூம் என்று ஆரம்பித்ததுமே இரண்டு பேர் கொட்டாவி விட்டார்கள். மாலூர்ப் பக்கத்திலிருந்து வந்த மங்கம்மா எழுந்தாள்.

"சார், ஓட்டைக்கு எதுக்கு எடம்?"

எல்லோரும் சிரித்தார்கள். அவனுக்கும் சிரிப்பு வந்துவிட்டது. பயம் கொஞ்சம் விலகியது.

"கூட்டமான பஸ்ல ஏறுறீங்க. நின்னுட்டிருக்கறவங்ககிட்ட என்ன சொல்வீங்க?"

"ஸ்வல்ப ஜாகா மாடி!" என்றாள் மங்கம்மா கன்னடத்தில், கொஞ்சம் இடம் விடுங்கள் என்று.

"அதேதான். ஷாஃப்ட்டும் உள்ள வரணும். அதுக்குக் கொஞ்சம் எடம் பண்றோம். படிக்கட்டு விளிம்புல மட்டும் எடம் இருந்தா பஸ்ஸுக்குள்ள போக முடியுமா?"

அதையே தெலுங்கிலும் சொன்னான். பின்வரிசையில் இருந்த ராஜ்குமார் கேட்டான்: "அப்ப நல்லா பெரிசாவே ஆக்கிடலாமே?"

"கூடாது," என்றாள் ஜெயசெல்வி. "அப்புறம் ஷாஃப்ட் உள்ள ஆடும். ரீமர் எவ்ளோ எடுக்குதோ அவ்ளோதான். கடைசி வரைக்கும் எறக்கணும், அதே பக்கம் சுத்திக்கினேதான் வெளிய எடுக்கணும்."

எல்லோரும் மெஷினுக்குப் போனார்கள். மங்கம்மா முதல் பீஸை ரீம் செய்தாள். ஷாஃப்ட்டை வைத்து விரலால் தள்ளியதும் வழுக்கிக்கொண்டு உள்ளே போனது. அவளுக்கே நம்பிக்கை வராமல் வெளியே எடுத்து மறுபடி தள்ளிப் பார்த்தாள்.

சுகுணா அருள்ஜோசப்பைத் தனியே அழைத்தார். "இது மாதிரி வார்த்தைங்க இங்க நிறைய இருக்கு. வாரத்துல ரெண்டு நாள் வர முடியுமா? நிரந்தர வேலைன்னு சொல்ல மாட்டேன்."

"வரேன்" என்றான். ஜெயசெல்வியைக் கேட்டுவிட்டுச் சொல்லியிருக்கலாம் என்று பிறகுதான் தோன்றியது. அவள் தூரத்தில் நின்று சரியென்று தலையை ஆட்டிக்கொண்டிருந்தாள்.

அடுத்த வகுப்புக்கு அவன் விளிம்பைச் சரிவாகச் சீவும் சேம்ஃபர், பிசிறு நீக்கும் டீபர் என்று இரண்டு சொற்களைத் தயார் செய்துகொண்டு போனான். கேன்டீன் வாசலிலேயே மங்கம்மா மறித்துக்கொண்டாள்.

"சார், இன்கிரிமென்ட்னா என்ன?"

"லத்தீன்லேர்ந்து வந்தது. வளர்றதுன்னு அர்த்தம்."

"அது எங்களுக்கு எப்போ வரும்?"

"வார்த்தை எங்கேர்ந்து வந்ததுன்னுதான் எனக்குத் தெரியும்," என்றான் அருள்ஜோசப். "எப்போ வரும்னு சுகுணா மேடத்தைத்தான் கேக்கணும்."

உள்ளே உட்கார்ந்திருந்தவர்கள் மேசையைத் தட்டிச் சிரித்தார்கள். அவன் சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டு உள்ளே போனான்.