ஓடக்காரிக்கு மூன்று இரவு

"இவன் சொல்றது நிஜமா, பொய்யா? சீக்கிரம் சொல்லு."

"பொய்."

"எப்படிச் சொல்ற?"

"மூச்சு வாங்கிட்டுப் பேசுறான். அவன் உக்காந்துதானே இருக்கான்? உக்காந்திருக்கிறவனுக்கு எதுக்கு மூச்சு வாங்குது?"

அவர் பொத்தானை அழுத்தினார். திரையில் இருந்த மாவுக்கடைக்காரன் அலறிக்கொண்டு உண்மையைக் கக்கினான். தையல் மிஷினுக்கு முன்னால் ஜன்னலைப் பார்த்து உட்கார்ந்திருந்தவள், வாயில் குண்டூசியை வைத்துக்கொண்டே சிரித்தாள். திரும்பவில்லை. பன்னிரண்டு வருஷமாகவே அவள் திரும்பியதில்லை.

திரும்பிப் பார்த்தால் அவளுக்கு ஆகாது. அவர் ஆடுகிற வீடியோ கேமில் காடும் மலையும் சுற்றிச் சுற்றி வரும். குதிரை ஒரு பக்கம் போனால் வானம் இன்னொரு பக்கம் சாயும். ஒரு நிமிஷம் பார்த்தால் போதும், வயிறு குமட்டிக்கொண்டு வரும். அவருக்கோ காது. பஸ்ஸுக்குக் கூடு கட்டும் பட்டறையில் முப்பது வருஷம் தகரம் அடித்ததில் வலது காது முழுசாகப் போய்விட்டது, இடது காது பாதி. கீழே ஓடுகிற எழுத்தைப் படித்துத்தான் விளையாடுவார். எழுத்தில் ஆள் சொன்னது இருக்கும். சொன்ன ஆளின் குரல் இருக்காது. ஆகவே அவருக்குக் கண்ணும் கையும், அவளுக்குக் காது. இரண்டு பேரும் சேர்ந்தால் ஒரு முழு ஆள்.

மகள் படிக்கப் போனபோது விட்டுவிட்டுப் போன சாமான்களில் அந்த கேம் பெட்டியும் ஒன்று. தூசி தட்டலாம் என்று எடுத்தவர், தட்டிவிட்டு வைக்கவில்லை. முதல் பாகம் முடிந்தது, இரண்டாவது வந்தது, மூன்றாவதும் வந்துவிட்டது. விளையாட்டின் பெயர் வாயில் நுழையாது. இருவருக்கும் அது "காடு". அதில் வாளும் வில்லுமாகத் திரிகிற வீரன் "மாப்பிள்ளை". எந்த வீட்டுக்குள் போனாலும் கேட்காமல் அலமாரியைத் திறந்து தின்கிறான், உட்கார்ந்த இடத்தில் தூங்குகிறான், வேறென்ன பெயர் வைப்பது என்று கேட்டாள் அவள். மகளுக்குக் கல்யாணம் ஆன பிறகு அந்தப் பெயரைச் சத்தம் போட்டுச் சொல்வதில்லை.

காட்டில் அவளுக்கு ஒரே ஒரு ஆள்தான் சொந்தம். ஓடக்காரி.

முதல் பாகத்தில் ஓடக்காரி பாலத்துக்கு அடியில் வெறுங்காலோடு நின்ற பெண். "பனி கொட்டுது, செருப்பு இல்லாம நிக்கிறேன்" என்றாள். அவருக்கு அவளைத் தாண்டிப் போகிற அவசரம். தையல் மிஷினை நிறுத்தி இவள்தான் சொன்னாள்: "மாப்பிள்ளை செருப்பைக் கழட்டிக் குடுக்கச் சொல்லுங்க."

"அப்புறம் இவன் வெறுங்காலா நடக்கணும். பாதி ஓட்டம்தான் ஓடுவான்."

"ஓடி எந்த ஆபீசுக்குப் போகப் போறான்? குடுங்க."

கொடுத்தார். அதற்கு அந்தப் பாகத்தில் ஒரு நன்றிகூட இல்லை. மூன்று வருஷம் கழித்து இரண்டாம் பாகம் வந்தபோது, மகள் பழைய பெட்டியில் இருந்ததை எல்லாம் புதிய பெட்டிக்கு மாற்றிக் கொடுத்தாள். ஆற்றங்கரையில் ஓடம் ஓட்டிக்கொண்டிருந்த ஒருத்தி துடுப்பை நிறுத்தினாள். "செருப்பைக் கழட்டிக் குடுத்துட்டுப் போனியே, அந்தப் பைத்தியக்காரன்தானே நீ? உன்கிட்ட கூலி வாங்க மாட்டேன், ஏறு."

அன்றைக்கு ஒரு ஸ்கூல் யூனிஃபார்ம் முழுக்கக் கோணல் தையல்.

மூன்றாம் பாகத்துக்கு வாங்கிய மூன்றாவது பெட்டிக்கும் மகள் பழையதை மாற்றிக் கொடுத்தாள்; அதிலும் அதே குரல்தான். கொஞ்சம் கரகரப்பு ஏறியிருந்தது, அவ்வளவுதான். பேசியவளுக்கும் வயசாகியிருக்கும் அல்லவா? மாப்பிள்ளையைப் பார்த்ததும் ஓடக்காரி குரலைத் தாழ்த்திச் சொன்னாள்: "கோட்டையில இருந்து தப்பிச்சவங்களை அக்கரைக்குக் கொண்டு போய் விட்டுட்டேன். விஷயம் தெரிஞ்சு போச்சு. படை வரும். மூணு ராத்திரி தாங்கும். அதுக்குள்ள வந்து என்னைக் கூட்டிட்டுப் போயிடு. நாலாம் நாள் வந்தீன்னா ஓடம் இருக்கும், ஓட்டுற ஆள் இருக்க மாட்டா."

"கேட்டீங்களா?" என்றாள் இவள்.

"படிச்சேன்."

"அப்ப கிளம்புங்க."

"முதல்ல காளான் பறிக்கணும். மருந்துக்கு ஆகும்."

"காளானா? அவ உயிருக்குப் பயந்து சொல்றா, உங்களுக்குக் காளான் கேக்குதா?"

"இதெல்லாம் சும்மா மிரட்டுறது. போன பாகத்துல ராஜாவுக்கு விஷம் வெச்சுட்டாங்கன்னு ஒருத்தன் சொன்னானே, ஞாபகம் இருக்கா? நாம வீடு கட்டி, தோட்டம் போட்டு, ஆறு மாசம் மீன் பிடிச்சோம். ராஜா அப்படியே படுத்திருந்தான். நாம போற வரைக்கும் இந்த ஊர்ல தீகூடக் காத்திருக்கும்."

"ராஜாவுக்கு வேற வேலை இல்லை, படுத்திருந்தான். இவ வேலை செய்யிறவ. இவ சொன்னா சொன்னதுதான்."

அவர் காதில் போட்டுக்கொள்ளவில்லை. போட்டுக்கொள்ளக் காதும் இல்லை என்று வேண்டுமானால் சொல்லலாம். காளானில் ஒரு ராத்திரி போனது. குதிரைக்குச் சேணம் தைக்கிற கிழவனைத் தேடி மலைக்குப் போனதில் இன்னொன்று. காட்டில் ராத்திரி வந்தால் தவளை கத்தும், விடிந்தால் ஒரு குருவி மூன்று தரம் கூவும். குருவி கூவும்போதெல்லாம் இவளுக்கு மிஷின் மிதிக்கிற கால் நின்றுவிடும். கேட்டால் சிரிப்பார்கள். ஐம்பத்தெட்டு வயசுக்காரி, பொம்மை மேல் பொம்மை படை எடுத்து வருகிறது என்று பயந்து உட்கார்ந்திருக்கிறாள் என்றால் யாரிடம் போய்ச் சொல்வது?

அந்த வாரம் பட்டறையில் நாலு பஸ் ஒரே நேரத்தில் முடிக்க வேண்டியிருந்தது. வந்து சாப்பிட்டுப் படுக்கவே அவருக்குச் சரியாக இருந்தது.

"இன்னும் ஒரு ராத்திரிதான் இருக்கு."

"பெட்டியை அணைச்சு வெச்சா அங்க பொழுது நகராதும்மா. ஞாயித்துக்கிழமை சேணத்தை வாங்கிட்டு நேரா அவகிட்டதான்."

"சேணத்தை வாங்கிட்டா?"

"வழியிலதானே இருக்கு."

அந்த 'வழியில' எந்த வழி என்று அவளுக்குத் தெரியும். பன்னிரண்டு வருஷமாக அவர் ஒரு இடத்துக்கும் நேராகப் போனதில்லை.

வெள்ளிக்கிழமை மத்தியானம் மகள் போனில் கூப்பிட்டாள். இவள் பேச்சுவாக்கில் புலம்பிவிட்டாள்.

"அம்மா, அது ஒரு கேமும்மா."

"தெரியுதுடி. அது தெரியாமலா இருக்கேன்?"

"அப்பா போகலைன்னா நீயே போயேன். மலையை விட்டு இறங்கினா ஆறுதானே?"

"நானா? எனக்குத் தலை சுத்துமே."

"கண்ணை மூடிக்க," என்று விளையாட்டாகச் சொன்னாள் மகள். இவளுக்கு அது விளையாட்டாகப் படவில்லை.

ஒரு பாத்திரம் பக்கத்தில், ஈரத் துண்டு தோளில், போன் ஸ்பீக்கரில். இடது விரல் நடக்க, வலது விரல் திரும்ப, வேறு எதையும் தொடாதே என்றாள் மகள். கன்ட்ரோலர் அவர் கைச் சூட்டுக்கும் வியர்வைக்கும் பழகி வழவழவென்று இருந்தது. ஒரு தரம் கண்ணைத் திறந்தாள். காடு பக்கவாட்டில் சரிந்தது. மூடிக்கொண்டாள்.

மூடிக்கொண்டதும் எல்லாம் தெரிந்த இடமாகிவிட்டது. காலுக்குக் கீழே சருகு. வலது பக்கம் எங்கோ தண்ணீர். அந்தப் பக்கம் திருப்பினாள், தண்ணீர் நடுவுக்கு வந்தது. நடந்தாள். ஒரு மரத்தில் முட்டி மாப்பிள்ளை "ம்ஹ்" என்றான்.

"சுத்திப் போம்மா," என்றாள் மகள்.

சுற்றிப் போனாள். சருகு போய் மணல் வந்தது. தவளைச் சத்தம் தொடங்கியது, மூன்றாம் ராத்திரி. தண்ணீர் பெரிதாகிக்கொண்டே வந்தது. அதற்குள் துடுப்பு தட்டுகிற சத்தம்கூடக் கேட்பதுபோல் இருந்தது.

"வந்துட்டேன்டி! பக்கத்துல வந்துட்டேன்!"

எங்கே என்று பார்க்கக் கண்ணைத் திறந்தாள். அதுதான் செய்திருக்கக் கூடாது. நிலா, நாணல், ஆறு எல்லாம் ஒரே சுழலாகச் சுழன்று வயிற்றுக்குள் இறங்கியது. நிறுத்த வேண்டும், ஒரே ஒரு நிமிஷம் நிறுத்தினால் போதும். ஏதோ ஒரு பொத்தானை அழுத்தினாள். திரையில் ஏதோ கேள்வி வந்தது. படிக்க முடியவில்லை. அவர் கட்டைவிரல் எப்போதும் டக்கென்று தட்டுகிற பொத்தானை இவளும் தட்டினாள்.

பாத்திரத்தின் மேல் குனிந்திருந்தபோது காதில் விழுந்தது: விறகு படபடவென்று எரிகிற சத்தம், அதன் மேல் ஒரு புல்லாங்குழல். மாப்பிள்ளை தீ மூட்டிப் படுத்து இளைப்பாறினால்தான் அந்தக் குழல் வரும். குழல் முடிந்தால் விடிந்துவிடும்.

"நிறுத்துடி! எப்படி நிறுத்துறது?"

"என்னம்மா அழுத்தின?"

"தெரியலையே! நிறுத்தச் சொல்லு அதை!"

குழல் முடிந்தது. குருவி மூன்று தரம் கூவியது. பிறகு மணி அடித்தாற்போல ஒரு சின்ன ஓசை. அவளுக்கு நன்றாகத் தெரிந்த ஓசை. நடந்ததெல்லாம் பதிவாகிவிட்டது என்று அர்த்தம்.

ஞாயிற்றுக்கிழமை வருவதற்குள் பத்துத் தரமாவது சொல்லிவிட வாயெடுத்தாள். வெள்ளிக்கிழமை அவர் வரும்போதே முதுகைப் பிடித்துக்கொண்டு வந்தார். சனிக்கிழமை சொல்லலாம் என்றிருந்தாள்; பட்டறையிலிருந்து போன் வந்தது. உள்ளுக்குள் ஒரு நப்பாசையும் இருந்தது. அவர் சொன்னதே சரியாக இருந்துவிடாதா? ராஜா காத்திருந்தானே, ஓடக்காரி மட்டும் ஏன் காத்திருக்கக் கூடாது? கல்யாணம் ஆன நாளிலிருந்து அவர் சொன்னது சரியாக இருக்கவேண்டும் என்று அவள் இவ்வளவு ஆசைப்பட்டதில்லை.

ஞாயிறு காலையில் குளித்துவிட்டு அவர் சோபாவில் உட்கார்ந்தார். "இந்தா, இன்னைக்கு உன் ஓடக்காரிகிட்ட போறோம். சேணமும் வேண்டாம், ஒண்ணும் வேண்டாம். சந்தோஷமா?"

"ம்."

"என்ன 'ம்'? ஒரு வாரமா என்னை அரிச்சு எடுத்தே."

அவள் ஒரு பேன்ட்டின் கால் மடிப்பைப் பிரிக்கத் தொடங்கினாள். முதுகுக்குப் பின்னால் காடு திறந்தது.

"அட, இவன் எப்படி இங்க வந்தான்?" என்றார். "நான் மலையிலதானே விட்டேன்."

மணலில் நாலு எட்டு, பத்து எட்டு. நாணல் விலகுகிற சத்தம். கத்தரிக்கோல் கையிலேயே நின்றது. இப்போது ஓடக்காரி கூப்பிடவேண்டும். மாப்பிள்ளையைக் கண்டால் தூரத்திலிருந்தே "டேய் பைத்தியக்காரா" என்று கூப்பிடுவாள்.

தண்ணீர்தான் கேட்டது. ஒரு ஈக்கூட்டம் கேட்டது.

"என்ன தெரியுது?" என்றாள்.

அவர் மாப்பிள்ளையை நிறுத்தினார். "ஓடம் இருக்கு."

"அப்புறம்?"

"அவ்ளோதான். ஓடம் இருக்கு."

"அவ?"

"கரையில படுத்திருக்கா." பிறகு மெதுவாக, "நாலாம் நாள்னு காட்டுது. எப்படின்னே தெரியலை. என் தப்புதான். நீ சொன்ன. காளானும் மண்ணாங்கட்டியும்னு அலைஞ்சேன்."

அவர் பழியைத் தன் தலையில் போட்டுக்கொண்டதும்தான் அவளால் தாங்க முடியாமல் போயிற்று.

"நீங்க இல்லைங்க. நான்."

"என்ன?"

இடது காதுப் பக்கம் போய் உட்கார்ந்து, திரைக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, எல்லாவற்றையும் சொன்னாள். கண்ணை மூடி நடந்ததை, மரத்தில் முட்டியதை, குழலை.

அவர் திட்டியிருக்கலாம். "கண்ணை மூடிக்கிட்டா?" என்று மட்டும் கேட்டார். "இவ்ளோ தூரமா?"

"எவ்ளோ தூரம் வந்தேன்?"

திரையைத் திரும்பிப் பார்த்தார். மாப்பிள்ளை மூட்டிய தீயின் சாம்பல் நாணலுக்கு அந்தப் பக்கம் இன்னும் புகைந்துகொண்டிருந்தது. துறையில் நின்று ஒரு கல்லை எறிந்தால் அதில் விழும். பொய் சொல்லத் தெரிந்த மனுஷராக இருந்தால் அங்கே ஒரு பொய் சொல்லியிருப்பார்.

"கிட்டத்தான். கூப்பிட்டா கேட்டிருக்கும்."

அவள் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டாள்.

திரும்பிப் போகப் பழைய பதிவு எதுவும் இல்லை. ஒன்றின் மேல் ஒன்றாகவே பதிந்து வந்தவர் அவர். மகளுக்குப் போன் போட்டார்கள். அவளும் இரண்டு மூன்று வழி சொல்லிப் பார்த்தாள். கடைசியில், "முதல்ல இருந்து ஆரம்பிங்கப்பா. திரும்ப உயிரோட இருப்பா, அதுக்கென்ன?" என்றாள்.

"ஆரம்பிச்சுடலாம்," என்றார் அவர் உடனே. "ரெண்டு மாசம் ஆகும். ஆகட்டுமே. இந்தத் தடவை ஒரு காளானைத் தொட மாட்டேன்."

"அவளுக்கு நம்மளைத் தெரியுமா?" என்றாள் இவள்.

போனில் மகள் தயங்கினாள். "தெரியாதும்மா. பழைய பெட்டி ரெண்டையும் யாருக்கோ குடுத்தாச்சுல்ல? அதுல இருந்ததுதான் இதுக்கு வந்தது. புதுசா ஆரம்பிச்சா... நீங்க வேற ஆளு. செருப்பு விஷயமெல்லாம் அவளுக்கு இருக்காது."

"கூலி கேப்பாளா?"

"கேப்பாம்மா."

"அப்ப வேண்டாம். அது வேற யாரோ."

மகள் போனை வைத்தாள். அவர் கன்ட்ரோலரை மடியில் வைத்துக்கொண்டு, "அணைச்சிடவா?" என்றார்.

"வேண்டாம். கொஞ்ச நேரம் அங்கேயே நிக்கட்டும்."

மாப்பிள்ளை கரையில் நின்றான். அவள் எழுந்து போய் மிஷினில் உட்கார்ந்து, பிரித்த பேன்ட்டை எடுத்தாள். நாளைக்குக் கேட்டு வருவார்கள். முதுகுக்குப் பின்னால் காட்டில் வெயில் ஏறி, இறங்கி, தவளை கத்தி அடங்கியது. குருவி கூவியது.

அதற்குப் பிறகு புதிதாக ஒரு ஆண் குரல். சந்தைக்குப் போகிற யாரோ. அவனுக்கு ஒன்றும் தெரியாது. எழுதி வைத்தபடி தினமும் இந்த நேரத்துக்குத் துறைக்கு வருகிறவன்.

"அக்கா! அக்கரைக்கு ஒரு ஆளு!"

அவர் திரையைப் பார்த்தார். அவள் ஊசியில் நூல் கோத்துக்கொண்டிருந்தாள்.

"என்ன சொல்றான்?" என்றார். "எழுத்து வரலை."

"ஓடத்துக்குக் கூப்பிடுறான்."

"அக்கா!" என்றான் அவன், கொஞ்சமும் சலிக்காமல். "அக்கரைக்கு ஒரு ஆளு!"

"இன்னும் கூப்பிடுறானா?"

"ஆமாங்க," என்றாள். "கூப்பிட்டுக்கிட்டே இருக்கான்."