கண்ணாடிக்குச் சவரம்

காணாமல் போன ஒரு மனிதர் உயிரோடு இருக்கிறார் என்ற செய்திக்கு அந்தக் கடைத்தெருவில் ஆன விலை, நாளொன்றுக்கு ஒரு பிளேடில் ஆறில் ஒரு பங்கு, சுண்டுவிரல் நகமளவு சோப்பு, அரைக் குவளை வெந்நீர். அப்படிப்பட்ட சரக்கு இவ்வளவு மலிவாக வேறெங்கும் கிடைத்ததாகத் தெரியவில்லை. சவரச் சாமான் கடையின் பின்பக்கம், கைகழுவும் தொட்டிக்கு மேலே ஆணியில் தொங்கிய கண்ணாடியில், கடைக்காரர் போன மறுநாளிலிருந்து தினமும் ஒரு நாள் தாடி முளைத்துக்கொண்டிருந்தது. அவர் போன விதத்தில் மர்மம் எதுவுமில்லை. அன்று காலை முகம் முழுக்க நுரை பூசி, ரேசரில் புது பிளேடை மாட்டித் தொட்டி விளிம்பில் வைத்துவிட்டு, வாசலில் பஸ் ஹாரன் அடிக்கிறதே என்று எட்டிப் பார்க்கப் போனார். பார்த்தவர் ஏறிவிட்டார். தோளில் துண்டு, கையில் பிரஷ், முகத்தில் நுரை. எதிர்க்கடைக் கடிகாரக்காரர் நேரத்தைக்கூடச் சரியாகச் சொன்னார், ஏழு மணி பத்து நிமிடம். நடத்துநர் காசு கேட்டதையும் இவர் கொடுத்ததையும் பார்த்தவர்கள் உண்டு. எங்கே என்று கேட்டவர்தான் யாருமில்லை. தெரு அன்று மாலைக்குள் அவருக்கு நுரையார் என்று பெயர் வைத்துவிட்டு வேறு வேலையைப் பார்க்கப் போனது.

மறுநாள் கண்ணாடியைத் துடைக்கப் போன கடைக்காரம்மாவின் துணி கரகரவென்று மாட்டியது. தாடை இருக்கவேண்டிய உயரத்தில், ஓர் ஆளின் முகமளவுக்கு, கண்ணாடியிலிருந்து நேராக முடி எழுந்திருந்தது. தொட்டால் அந்த இடம் மட்டும் வெதுவெதுப்பாக இருந்தது. அவள் குனிந்து நன்றாகப் பார்த்துவிட்டு, இது நம்ம வீட்டு ஆள் தாடி இல்லை என்று முடிவு கட்டினாள். நுரையாருக்குத் தாடைக்குக் கீழே ஒரு சுழி உண்டு. இருபது வருடம் பார்த்த சுழி. அது எந்தப் பக்கம் என்று தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வாள். கண்ணாடியில் அது எதிர்ப்பக்கம் இருந்தது. யாரோ ஒருவருடைய புருஷனுக்குத் தான் ஏன் சவரம் செய்யவேண்டும் என்று நான்கு நாள் தொடாமல் விட்டுவிட்டாள். ஐந்தாம் நாள் பக்கத்துச் சலூன்காரர் பிளேடு வாங்க வந்தவர், தொழில்காரர் பார்வையில் ஒரு பார்வை பார்த்துவிட்டுச் சிரித்தார்.

"அம்மா, நீங்க அவரை எதிர்ல நின்னு பாத்தவங்க. உங்களுக்கு இடப்பக்கம்னா அவருக்கு வலப்பக்கம். கண்ணாடி அவரை அப்படியே பாத்துச்சு, திருப்பிப் போடல. இது சாட்சாத் நம்ம ஆளுதான்."

அவள் தன் முகத்தின் மேல் கையை வைத்து இடம் வலம் சரிபார்த்துக்கொண்டு, சரி என்று சொல்லிப் பிரஷை நனைத்தாள். தொழில்காரர் சொன்னபடி முடி சாயும் பக்கமாக ஒரு தடவை, குறுக்கே ஒரு தடவை. ரேசரை அழுத்தாமல் அதன் கனத்துக்கே விட்டுவிடவேண்டும். கண்ணாடி தோல் மாதிரி இழுத்துக் கொடுக்காது. சுழியில் மட்டும் பிளேடை வட்டமாகத் திருப்பவேண்டும், இல்லையென்றால் பிடுங்கும். மொத்தம் பதினோரு நிமிடம். அதன்பிறகு நுரையை வழித்துவிட்டுத் தன் முகத்தைப் பார்த்துத் தலையை வாரிக்கொண்டு கடையைத் திறப்பாள். அழுகை வரும் என்று முதல் வாரம் காத்திருந்தது உண்மைதான். சொல்லிவைத்த சரக்கு வராமல் இழுத்தடிக்கும்போது காத்திருப்பாளே, அப்படித்தான். வரவில்லை. பிறகு அதைப் பற்றிக் கேட்பதை விட்டுவிட்டாள். வெந்நீர் அதிகச் சூடா, ஆறிவிட்டதா என்பதும் இரண்டாம் வருடத்தில் கைக்குத் தெரியாமல் போனது. ஆவி வந்தால் சூடு என்று கணக்கு வைத்துக்கொண்டாள். ஒரு வருடம் காய்ச்சலில் ஏழு நாள் படுத்துக்கிடந்தாள், எழுந்து வந்தபோது ஏழு நாள் தாடி ஒழுங்காக வரிசையில் நின்றது. ஒரு முறை கை தவறிச் சுழிக்குக் கீழே கீறிவிட்டது, ஒரு சொட்டு ரத்தம் வந்தது. படிகாரக் கட்டியை நனைத்து வைத்தாள், நின்றுவிட்டது. நான்காம் வருடம் முதல் நரை வந்தது.

மூன்றாம் வருட முடிவில் வியாபாரம் படுத்திருந்தபோது பிளேடு கம்பெனிப் பிரதிநிதி ஒருவர் புதுச் சரக்கோடு வந்து, நல்ல பிளேடு அம்மா, நம்புங்க என்று மன்றாடினார். நம்புறதுக்கு என்ன இருக்கு, போட்டுப் பாருங்க என்று அவள் கண்ணாடியைக் காட்டினாள். அவர் போட்டுப் பார்த்தார். சாட்சியாக நின்ற மூன்று வாடிக்கையாளர்கள் ஆளுக்கு ஒரு பாக்கெட் வாங்கிப் போனார்கள். அன்று செவ்வாய்க்கிழமை. அதிலிருந்து செவ்வாய்க்கிழமை கண்ணாடி பொதுவானது. ரேசர் வாங்க வந்தவர்கள் கனமானதும் இலேசானதும் போட்டுப் பார்ப்பார்கள், மீசை முளைத்தும் முளைக்காத பையன்கள் அப்பாக்களோடு வந்து கை பழகுவார்கள், பன்றிமுடி பிரஷா மற்றதா என்று நுரை அடித்துச் சண்டை போடுவார்கள். தெருவில் எந்தக் கடையிலும் இல்லாத வசதி. விற்பனை ஒன்றரை மடங்கானது. நுரையார் கடையில் இருந்த காலத்தில் இவ்வளவு உழைத்ததில்லை என்று சலூன்காரர் சொல்வார், அவளும் மறுத்ததில்லை.

சிக்கல் ஒன்பதாம் வருடம் வந்தது, அதுவும் காகிதத்தில். கடை நகர அலுவலகத்துக்குச் சொந்தம், குத்தகை நுரையார் பெயரில். பத்து வருடக் குத்தகை அந்த வருடக் கடைசி நாளோடு முடிகிறது. குத்தகைதாரர் நேரில் வந்து கையெழுத்துப் போட்டால் நீளும், அல்லது மனைவி பெயருக்கு மாறும். அவர் இறந்துவிட்டார் என்று மனைவி எழுதிக் கொடுத்தாலும் மாறும். இரண்டும் இல்லையென்றால் கடை ஏலத்துக்குப் போகும். ஏலத்தில் எடுக்க நுரையாரின் தம்பி தயாராக நின்றான். அவன் மொபைல் கவர் விற்பவன். அண்ணி எழுதிக் கொடுத்தால் வாரிசுப் பங்காகப் பாதிக் கடை, கொடுக்காவிட்டால் ஏலத்தில் முழுக் கடை என்று அவனுக்கு இரண்டு பக்கமும் லாபம், அதனால் மிகவும் அன்பாகப் பேசினான்.

"ஒரே ஒரு கையெழுத்து அண்ணி. இறந்துட்டார்னு எழுதிட்டா முடிஞ்சுது."

"உயிரோட இருக்கார்ல. இன்னிக்குக் காலைலகூட வழிச்சேன்."

"கண்ணாடி ஆபீசுக்கு வந்து கையெழுத்துப் போடுமா?"

அவள் பிறந்ததும் புகுந்ததும் கடைக்காரக் குடும்பம். விலையைக் கூட்டிச் சொல்லியிருக்கிறாள், இருக்கிற சரக்கை இல்லை என்று ஒரு நாளும் எழுதியதில்லை. கண்ணாடியைச் சணல் சாக்கில் சுற்றி எடுத்துக்கொண்டு அலுவலகத்துக்குப் போனாள். குத்தகை எழுத்தர் அதைத் தடவிப் பார்த்தார், நேற்றுச் சவரம் செய்ததா என்றுகூடக் கேட்டார். உயிரோடு இருப்பதற்கு ஆதாரமாக ஏற்கப்படுபவை பட்டியலில் பதினாறு இருக்கின்றன, தாடி அதில் இல்லை என்று வருத்தப்பட்டார். "ஆளைக் கூட்டிட்டு வாங்கம்மா. இல்லன்னா இல்லைன்னு எழுதிக் குடுங்க. நடுவுல நிக்கறதுக்கு ஃபாரம் கிடையாது." கடை போனால் மேல்மாடி வீடும் போகும். ஐம்பத்திரண்டு வயதில் வேறு தொழில் தெரியாது. இதையெல்லாம் அவள் திரும்பி வரும் வழியில் பஸ்ஸில் ஒவ்வொன்றாக எண்ணிப் பார்த்தாள். பயம் வரவில்லை. யாரோ ஒரு வாடிக்கையாளருடைய கஷ்டத்தைக் கேட்டுக்கொண்டிருப்பது மாதிரி இருந்தது.

ஆனால் யோசனை வந்தது. கீறினால் ரத்தம் வருகிறது என்றால் அந்த ரத்தத்துக்கு அந்தப் பக்கம் ஒரு முகம் இருக்கவேண்டும். அந்த முகத்துக்கு ஒன்பது வருடமாகக் காலையில் எழுந்தால் சவரம் ஆகியிருக்கிறது, சல்லிக்காசு செலவில்லாமல். பற்று எழுதி வாங்கிப்போகும் வாடிக்கையாளர் தலைகாட்டாமல் இருந்தால் எந்தக் கடைக்காரர் கடிதம் எழுதிக்கொண்டிருப்பார்? சரக்கை நிறுத்தினால் போதும், தானாக வருவார். வருடம் முடிய மூன்று வாரம் இருக்கையில் அவள் ரேசரைக் கழற்றித் துடைத்துப் பெட்டியில் வைத்தாள். செவ்வாய்க்கிழமை வந்தவர்களிடம் கண்ணாடி ஓய்வில் இருக்கிறது என்றாள். தாடி முதல் வாரம் கறுப்பும் வெளுப்புமாக நிறைந்தது, இரண்டாம் வாரம் சுருண்டது, மூன்றாம் வாரம் காற்றடித்தால் அசைந்தது.

இருபத்தொன்றாம் நாள், குத்தகையின் கடைசி நாள், பகல் பதினொரு மணிக்கு நுரையார் கடைக்குள் வந்தார். உடம்பு பெருத்திருந்தது. ஒன்பது வருடம் கழித்து மனைவியைப் பார்த்த மனிதர் கேட்ட முதல் கேள்வி இதுதான்.

"ஏன் நிறுத்திட்ட?"

வேறோர் ஊரில் ரொட்டித் தொழிற்சாலையில் மாவு பிசைகிறாராம். அங்கே தாடி கூடாது, விழுந்தால் மொத்த மாவும் போய்விடும். மூன்று வாரமாக வேலைக்குள் விடவில்லை. ஏழு சலூனில் உட்கார்ந்து பார்த்துவிட்டார், எந்த ரேசரும் நனைந்த கண்ணாடி மேல் போவது மாதிரி வழுக்கிக்கொண்டு போகிறது, ஒரு முடி விழவில்லை. இதையெல்லாம் மூச்சுவிடாமல் சொன்னார். போனதற்குக் காரணம் கேட்டபோது, பஸ் நின்னுச்சு, ஏறினேன் என்றார். அதற்கு மேல் அவரிடமே இருந்ததாகத் தெரியவில்லை. பிறகு குரலைத் தாழ்த்தினார். "அது சரி, செவ்வாய்க்கிழமை யாரு? அன்னிக்கு மட்டும் கை வேற. ஒரு செவ்வாய்க்கிழமை பாதிக் காதே போயிருக்கும்."

அவள் எழுத்தருக்கு ஆள் அனுப்பினாள். எழுத்தர் காகிதங்களோடு வந்தார், கொழுந்தனும் பின்னாலேயே வந்து நின்றான். எழுத்தர் நுரையாரையும் கோப்பில் ஒட்டியிருந்த போட்டோவையும் மாறி மாறிப் பார்த்தார். போட்டோவில் சவரம் செய்த முகம், எதிரில் தாடி. ஒத்துப்போகவில்லை, வாங்கமுடியாது என்றார். கொழுந்தன் முதல்முறையாக வாய்விட்டுச் சிரித்தான். நுரையார் கண்ணாடியைக் காட்டி, வழிச்சு விடு, போடறேன் என்றார். அவள் முதலில் கையெழுத்து என்றாள். அவர் முதலில் சவரம் என்றார். நுரையோடேயே பஸ் ஏறியவர், வழித்த முகத்தோடு எப்படி ஏறுவார் என்பது தெருவுக்கே தெரியும். கால்மணி நேரம் பேரம் நடந்து, கடைசியில் சரிபாதியில் படிந்தது.

அவள் பிரஷை நனைத்துக் கண்ணாடியின் ஒரு பாதியில் நுரை ஏற்றினாள். நீளத் தாடிக்கு முதலில் கத்தரிக்கோல், பிறகு ரேசர். கண்ணாடியில் ஒரு பாதை விழ, பின்னால் நாற்காலியில் உட்கார்ந்திருந்த நுரையாரின் கன்னத்தில் அதே பாதை விழுந்தது. முடி தொட்டியில்தான் விழுந்தது, அவர் மடியில் ஒன்றும் விழவில்லை. ஒன்றரைப் பிளேடு மழுங்கியது. பாதி முடிந்ததும் அவள் ரேசரைக் கீழே வைத்துவிட்டாள். எழுத்தர் போட்டோவின் ஒரு பாதியை உள்ளங்கையால் மூடிப் பார்த்தார், மனிதரின் தாடிப் பக்கத்தைக் கோப்பால் மறைத்துப் பார்த்தார். "இந்த அளவுக்கு ஒத்துப்போகுது" என்று மை டப்பாவைத் திறந்தார். நுரையார் மனைவி பெயருக்கு மாற்றிக் கையெழுத்துப் போட்டார். முத்திரை விழுந்தது. கொழுந்தன் இதெல்லாம் ஒரு அலுவலகமா என்று கேட்டுவிட்டுப் போனான். அவள் ரேசரை எடுத்து மறுபாதியையும் முடித்தாள், சுழியில் வட்டமாகத் திருப்பி, கடைசியில் குளிர்ந்த நீர் தெளித்து. பேச்சு தவறுவது அந்தக் கடையில் வழக்கமில்லை.

நுரையார் தன் கன்னத்தைத் தடவிப் பார்த்துக்கொண்டார்.

"என்மேல கோபமா?"

கேள்வி கேட்டதற்காக அவள் உண்மையிலேயே தேடிப் பார்த்தாள், மேல் தட்டில் இருக்குமா, பின்னறையில் இருக்குமா என்று தேடுகிற முகத்தோடு.

"இல்லை."

"வருத்தம்?"

"அதுவும் இல்லைங்க. எப்பத் தீர்ந்துதுன்னு கவனிக்கல."

அவர் தலையைக் குனிந்துகொண்டார். மாவு பிசைந்து பருத்த கையால் சோப்புக் கிண்ணத்தின் மூடியைத் திறந்து மூடினார். நான்கு மணி பஸ் இருக்கிறது என்றார். நாளைக்கு வேலைக்குப் போகவேண்டும், பழையபடி காலையில் செய்துவிடு, மாதாமாதம் ஏதாவது அனுப்புகிறேன் என்றார்.

"நான் செய்ய மாட்டேன். ஆனா தினம் நடக்கும்."

"அப்படின்னா?"

"இனி எல்லா நாளும் செவ்வாய்க்கிழமை."

அவர் காதைத் தொட்டுப் பார்த்துக்கொண்டார். பஸ் நேரத்துக்கு வந்தது. இந்த முறை கடிகாரக்காரர் நேரம் பார்க்கவில்லை. மறுநாள் காலை கண்ணாடியில் ஒரு நாள் தாடி வழக்கமான உயரத்தில் எழுந்திருந்தது. ரேசர் வாங்க வந்த முதல் ஆளிடம் அவள் பிரஷைக் கொடுத்துவிட்டு, கிடைத்த பதினோரு நிமிடத்தில் மேல்மாடிக்குப் போய் உட்கார்ந்து காப்பி குடித்தாள். நாக்கு சுட்டது. சூடு என்று தெரிந்தது. அதற்குப் பிறகான வருடங்களில் தாடி முழுக்க வெளுத்தது, வெள்ளை முடிக்கு எந்த பிளேடு ஏற்றது என்று கேட்டு வெளியூரிலிருந்தும் வந்தார்கள், ஒரு கண்ணாடிக்குத் தாடி முளைப்பதைப் பற்றித் தெருவில் யாரும் பேச்செடுப்பதில்லை. பஸ் போன அன்று மாலையே அவள் பற்றுவரவு நோட்டில் புதுப் பக்கம் திருப்பி, ரேசரை நிறுத்தும் வரையான ஒன்பது வருட நாட்களில் அடையாளம் தெரியாத நான்கையும் காய்ச்சல் ஏழையும் தள்ளி, கடைக்கு லாபம் தந்த செவ்வாய்க்கிழமைகளையும் நியாயமாகக் கழித்துவிட்டு எழுதினாள்:

நுரையார் கணக்கு. சவரம் 2,964. இருபத்தொரு நாள் தாடி ஒன்று, பிளேடு மூன்று ஆனதால், பிளேடுக்கு ஆறு வீதம் பதினெட்டுச் சவரமாக. மொத்தம் 2,982. வரவு, கையெழுத்து 1. நிற்பது 2,981. பக்கம் மூடப்பட்டது.