பக்கத்து வீட்டுக்காரி

செப்டம்பர் கடைசி ஞாயிறு, காலை ஒன்பது ஐம்பது. லூப்ளின் வழியாக வரும் ரயில் வார்சாவின் கிழக்கு நிலையத்துக்குள் நுழைந்தபோது கிங்கா நடைமேடையில் காத்துக்கொண்டிருந்தாள்.

முதலில் யாக்னா இறங்கினாள். கையில் ஒரு பெட்டி, முதுகில் ஒரு பை. அவ்வளவுதான். கிங்காவுக்குத் திருப்தியாக இருந்தது. அக்கா மகள் சொன்னபடி கேட்டிருக்கிறாள்.

அவளுக்குப் பின்னால் பொஜேனா இறங்கினாள். அக்கா வருவதாகப் பேச்சே இல்லை. நல்ல நாளுக்கு உடுத்தும் நீலக் கோட்டு போட்டிருந்தாள். கட்டம் போட்ட சக்கரப் பையை ரயில் படிகளில் ஒவ்வொன்றாக இறக்கினாள். ஒவ்வொரு படிக்கும் பைக்குள் கண்ணாடி இடிபடும் சத்தம் கேட்டது.

யாக்னா சித்தியைப் பார்த்தாள். நான் எவ்வளவோ சொன்னேன் என்றது அந்தப் பார்வை.

"என்னடி ரெண்டு பேரும் முழிக்கிறீங்க? டிக்கெட் எடுத்துத்தான் வந்திருக்கேன்." பொஜேனா தங்கையை இழுத்துக் கன்னத்தில் முத்தமிட்டாள். "இளைச்சுப் போயிட்டே. உனக்கும் ரெண்டு ஜாடி இருக்கு."

கோடை முழுவதும் கிங்கா போனில் யாக்னாவுக்குப் புத்தி சொல்லியிருந்தாள். பத்தொன்பது வயதில் தனக்கு யாரும் சொல்லாததையெல்லாம் சொன்னாள். சீக்கிரம் போய் ஜன்னலோரக் கட்டிலைப் பிடி. முதல் மாதம் மற்றவர்களைப் பேசவிட்டுக் கேள். ஊர் எது என்றால் லூப்ளின் என்று சொல், நம் ஊர் க்ராஷ்னிக் யாருக்கும் தெரியாது. வெள்ளிக்கிழமை மத்தியானமே அழுக்குத்துணியை மூட்டை கட்டிக்கொண்டு ஸ்டேஷனுக்கு ஓடாதே. வீட்டுச் சாப்பாட்டைக் கண்ணாடி ஜாடிகளில் அடைத்துக் கொண்டு வராதே. வார்சாக்காரர்கள் வெளியூர்ப் பிள்ளைகளுக்கு ஜாடி என்றே பெயர் வைத்திருந்தார்கள். கிங்கா படித்த காலத்தில் அந்தப் பெயர் இன்னும் வரவில்லை. ஆனால் ஜாடியைப் பார்த்துச் சிரிப்பது வந்திருந்தது.

யாக்னா எல்லாவற்றுக்கும் சரி சித்தி என்றாள். யாரையும் கூட்டிக்கொண்டு வராதே என்றபோது மட்டும் ஏன் என்று கேட்டாள்.

கிங்கா அதை ஒரு வேடிக்கையாகச் சொன்னாள். "உங்கம்மா ஒரு தடவை திடீர்னு என் ஹாஸ்டல் ரூம்ல வந்து நின்னா. ரப்பர் பூட்ஸ், தலையில துணி, கையில ஜாடிப் பை. யாருன்னு பொண்ணுங்க கேட்டாளுங்க. ஊர்ல பக்கத்து வீட்டுக்காரின்னு சொல்லிட்டேன். நல்லவேளை, அவ அப்ப ஜாடி மூடியைக் கழுவ வெளிய போயிருந்தா."

இருவரும் சிரித்தார்கள்.

அம்மா இறந்தபோது கிங்காவுக்குப் பதினொரு வயது, பொஜேனாவுக்கு இருபது. பள்ளிக்கூடச் சமையலறையில் வேலைக்குச் சேர்ந்து தங்கையைப் படிக்கவைத்தவள் பொஜேனா. வேடிக்கையில் கிங்கா இதைச் சேர்க்கவில்லை. யாக்னாவுக்குத் தெரிந்ததுதானே.

டாக்ஸி ஹாஸ்டல் வாசலில் நின்றதும் யாக்னா திரும்பினாள். "அம்மா, நீ இங்கயே இரேன். நானும் சித்தியும் மேல போய் வெச்சுட்டு வந்துடறோம்."

"இந்தப் பையை யாரு தூக்குவா? உங்க சித்தியோட ஹை ஹீல்ஸா?"

"லிஃப்ட் இருக்கும்மா."

"லிஃப்ட் வந்து ரூம்ல அடுக்கி வெக்குமா?"

பொஜேனா ஏற்கெனவே இறங்கியிருந்தாள்.

அறையில் இன்னொரு பெண் தன் கட்டிலில் சம்மணமிட்டு உட்கார்ந்திருந்தாள். ஜன்னலோரக் கட்டில் காலியாகவே இருந்தது. அவளுடைய அம்மா நாற்காலி மேல் ஏறி அலமாரியின் தலையைத் துடைத்துக்கொண்டிருந்தாள்.

"ஹாய், நான் மால்வினா. க்தீனியாவிலேருந்து. இது எங்கம்மா. வந்ததுலேருந்து தூசி தட்டுறாங்க, பூரா என் தலையில."

"அடுத்த வருஷம் நீயே தட்டு," என்றாள் அவள் அம்மா, நாற்காலியிலிருந்து இறங்கியபடி.

எல்லோரும் சிரித்தார்கள். பிறகு இருவரும் வாசலில் நின்ற மூவரையும் பார்த்தார்கள்.

"நான் யாக்னா. லூப்ளின்." அவள் கிங்காவின் கையைத் தொட்டாள். "இவங்க என் சித்தி. இங்க வக்கீல் ஆபீஸ்ல இருக்காங்க." பிறகு பொஜேனாவின் பக்கம் கையைக் காட்டினாள். "இவங்க எங்க பக்கத்து வீடு. பை கனம்னு கூட வந்தாங்க."

கிங்கா வாயைத் திறந்தாள். பொஜேனா முந்திக்கொண்டாள்.

"ஆமா, பக்கத்து வீடு. வீட்ல சும்மாதான இருந்தேன்."

அவள் மண்டியிட்டுப் பையின் ஜிப்பைத் திறந்தாள். முகம் தெரியவில்லை. ஜாடிகளை ஒவ்வொன்றாக எடுத்துத் தரையில் வைத்தாள். பீட்ரூட் சூப், ஊறப்போட்ட வெள்ளரிக்காய், முட்டைக்கோஸும் கறியும் போட்டு இரண்டு நாள் அடுப்பில் கிடந்த பிகோஸ்.

"ஜாடி!" மால்வினா கட்டிலிலிருந்து குதித்தாள். "அம்மா, பாரு, இவங்களும் ஜாடி!" ஓடிப்போய்க் குட்டி ஃப்ரிட்ஜைத் திறந்து காட்டினாள். மேல் தட்டு முழுக்க ஜாடிகள். மீன், கோழி ரசம், தக்காளியில் மிதக்கும் கறி உருண்டைகள். "கீழ்த்தட்டு உனக்குத்தான் விட்டு வெச்சேன். சமையல் ரூம்ல ஒரு அலமாரி இருக்காம், அங்க ஆளாளுக்கு ஜாடியை மாத்திக்கிறாங்களாம். அது பிகோஸா? ஒரு ஜாடிக்கு என்ன வேணும், சொல்லு. எங்கம்மாவை வேணும்னாலும் தர்றேன்."

"வாயைப் பாரு," என்று அவள் அம்மா துடைத்த துணியால் ஒரு அடி கொடுத்தாள்.

யாக்னாவின் காதுகள் சிவந்திருந்தன. அவள் பெட்டியைத் திறந்து, எதையோ தேடி, மூடினாள்.

மால்வினாவின் அம்மா பொஜேனாவின் பக்கத்தில் குனிந்து ஜாடிகளை எடுத்துக் கொடுக்க ஆரம்பித்தாள். "பொண்ணோட அம்மா வரலையாங்க?"

பொஜேனா ஒரு மூடியைக் கோட்டு நுனியால் துடைத்தாள். "லீவு கெடைக்கல."

"அடடா. இன்னிக்குப் போயா? எனக்கெல்லாம் ராத்திரி பூரா தூக்கமே இல்ல."

"அவளும் தூங்கியிருக்க மாட்டா."

யாக்னா கிங்காவின் கையைப் பிடித்து நடைவழிக்கு இழுத்துக்கொண்டு போனாள். சுவரில் சாய்ந்து நின்றாள்.

"சித்தி, இப்ப என்ன பண்றது?"

"எதை?"

"தெரியாத மாதிரி கேக்காதீங்க. நான் வேணும்னு சொல்லல. நீங்க சொன்ன கதை மனசுல இருந்துச்சு, அவங்க ரெண்டு பேரும் பாத்தவுடனே வாயில வந்துடுச்சு." அவள் கண்களைத் துடைத்துக்கொண்டாள். "நீங்க உள்ள போய்ச் சொல்லிடுங்களேன். அவ விளையாட்டுக்குச் சொல்லிட்டா, இதுதான் அவ அம்மான்னு. நீங்க சொன்னா நம்புவாங்க."

கதவு பாதி திறந்திருந்தது. பிகோஸை எவ்வளவு நேரம் சூடு பண்ண வேண்டும் என்று பொஜேனா சொல்லிக்கொண்டிருந்தாள். அடி பிடிக்கக் கூடாது, தண்ணீர் ஊற்றக் கூடாது. மால்வினாவின் அம்மா ஆமாங்க, ஆமாங்க என்றாள்.

ஒரு வாக்கியம் போதும். கிங்கா அதை மனதில் சொல்லிப் பார்த்தாள். அது சுலபமாகத்தான் இருந்தது. அதற்குப் பிறகு வரும் கேள்விதான் சுலபமாக இல்லை. இப்படி ஒரு பொய் இந்தப் பெண்ணுக்கு எங்கிருந்து கிடைத்தது என்று யாராவது கேட்பார்கள். யாக்னா பொய் சொல்லத் தெரியாதவள், பதில் சொல்லிவிடுவாள். அக்கா அங்கேயே மண்டியிட்டு உட்கார்ந்திருப்பாள்.

"இப்ப விட்டுடு," என்றாள் கிங்கா. "இப்ப சொன்னா எல்லாருக்கும் சங்கடம். கொஞ்ச நாள் போகட்டும். பழகினப்புறம் நீயே மெதுவா சொல்லிக்கலாம்."

"நிஜமாவா?"

"நான் சொல்றேன் இல்ல."

யாக்னா தலையாட்டினாள். கோடை முழுவதும் போனில் சரி சித்தி என்றபோது அவள் முகம் இப்படித்தான் இருந்திருக்கும்.

கொஞ்ச நாள், மெதுவாக என்றுதான் கிங்காவும் தன் ஹாஸ்டல் நாட்களில் நினைத்திருந்தாள். ஐந்து வருடம் அந்தப் பெண்களோடு ஒரே அறையில் இருந்தாள். அவர்களில் ஒருத்தியைக்கூடத் தன் கல்யாணத்துக்கு அழைக்கவில்லை.

கிளம்பும்போது யாக்னா அம்மாவை நோக்கி ஓரடி எடுத்து வைத்தாள். பொஜேனா அதற்குள் அவள் தோளில் இரண்டு தட்டுத் தட்டினாள். யாரோ வீட்டுப் பிள்ளையைத் தட்டுவது போல அளவாகத் தட்டினாள்.

"வரேன் பாப்பா. நேரத்துக்குச் சாப்பிடு. வீட்ல சௌக்கியம்னு சொல்லிடறேன்."

"இருங்க, இது சரியில்ல," என்றாள் மால்வினாவின் அம்மா. யாக்னாவை இழுத்து இறுக்கி அணைத்துக்கொண்டாள். "இது உங்கம்மாவுக்குப் பதிலா." பிறகு பொஜேனாவிடம் சொன்னாள்: "இந்தக் காலத்துல இப்படி ஒரு பக்கத்து வீடு யாருக்குங்க கெடைக்கும்?"

பொஜேனா சிரித்தாள். யாக்னா அழ ஆரம்பித்தாள். முதல் நாள் எல்லோருக்கும் அப்படித்தான் என்று மால்வினாவின் அம்மா அவள் முதுகைத் தடவிக்கொடுத்தாள். கிங்கா கதவின் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

டிராம் நிறுத்தத்தில் வேறு யாரும் இல்லை. பொஜேனா பெஞ்சில் உட்கார்ந்து முழங்காலைத் தேய்த்துவிட்டுக்கொண்டாள். காலிப் பை சப்பையாக அவள் காலடியில் கிடந்தது.

"வீட்டுக்கு வா அக்கா. சாப்பிட்டுட்டுப் போகலாம்."

"வேணாம். ரெண்டு மணி ரயிலைப் பிடிச்சா வெளிச்சத்துலயே ஊருக்குப் போயிடலாம்." தண்டவாளத்தைப் பார்த்தாள். "நல்ல பொண்ணு, அந்த மால்வினா. அம்மாக்காரியும் நல்லவதான். அலமாரி மேல எல்லாம் துடைக்கிறா."

"அக்கா, யாக்னா சின்னப் பொண்ணு. பயத்துல உளறிட்டா."

"தெரியும்."

"மனசுல வெச்சுக்காதே."

"பத்தொன்பது வயசுப் பொண்ணு சொன்னதை மனசுல வெச்சுக்கிட்டா நான் என்னிக்கோ செத்திருக்கணும்டி."

டிராம் வந்தது. கதவுகள் திறந்தன. பொஜேனா எழுந்திருக்கவில்லை. கதவுகள் மூடின, டிராம் போனது. கிங்கா நின்றபடியே இருந்தாள்.

"கோடை பூரா காதுல கேட்டுக்கிட்டேதான் இருந்தேன்," என்றாள் பொஜேனா. "சித்தி ஜாடி வேணாங்கறாங்க, சித்தி லூப்ளின்னு சொல்லச் சொன்னாங்க. சரி, நீ படிச்சவ, உனக்குத் தெரியும்னு விட்டுட்டேன்." அவள் தலையைத் தூக்கித் தங்கையை நேராகப் பார்த்தாள். குரலில் கோபம் இல்லை. "அந்தப் பக்கத்து வீட்டுக்காரியையும் நீதான் சொல்லிக் குடுத்தியா கிங்கா, இல்ல அது நம்ம குடும்பத்துல தானா வர்றதா?"