மினுங்காத லட்சுமி

வாங்க, எல்லாரும் சொகமா இருக்கீகளா? முட்டுவலிக்காரவுக எண்ணெய் தேய்ச்சீகளா? நான் இங்கன ஆமத்தூர்ல இருக்கேன். காலையில காலண்டர் தாளைக் கிழிக்கிற சத்தம், அம்புட்டுதான் என் வீட்டுப் பேச்சு.

1

இந்தக் கதை எனக்குக் கடற்கரையில கிடைச்சது. வேம்பாருக்கு ஒரு சாவுக்குத் துட்டி கேக்கப் போயிருந்தேன். மணல்ல ஒரு பழைய காலண்டர் லட்சுமி. தாள் கரைஞ்சு போச்சு. மேல ஒட்டுன பிளாஸ்டிக் மட்டும் கரையாம, அதுல அவ சிரிச்சுக்கிட்டுக் கெடந்தா. சிவகாசியில அச்சடிச்சவ, வைப்பாத்துல மிதந்து வந்திருப்பா போல. நம்ம ஊருக்காரி இங்கன ஒத்தையில கெடக்காளேன்னு இருந்துச்சு. (அவளை மட்டும் நெனச்சு அழுதேன்னு சொல்ல முடியாது. அதை விடுங்க.)

2

"சிவகாசியின் வானம் அன்று செந்நிறமாய்…"

(வேண்டாம். அன்னைக்கு வானத்தை யாரு பார்த்தா?)

மறுபடியும்:

ஆடிப் பதினெட்டு. அடுத்த வருடத்துக் காலண்டர்களின் மாதிரிப் படங்கள் அடங்கிய ஆல்பத்துக்குப் பூஜை போட்டு, ஆர்டர் பிடிக்கத் தொடங்கும் நாள். அச்சக முதலாளி சொர்ணலட்சுமி இந்த முறை ஒரு படத்திலும் பிளாஸ்டிக் ஒட்டவில்லை. ஒட்டுகிற சூட்டு மிஷினையும் நிறுத்திவிட்டாள். அந்த மின்சாரம் மிச்சம், அதற்காக எங்கோ எரியும் நிலக்கரியும் மிச்சம். ஆனால் ஆர்டர் வராவிட்டால் அச்சகத்தையே மூட வேண்டியதுதான்.

ஏஜென்ட் நாகையா ஆல்பத்தைப் புரட்டினார்.

"என்னக்கா, லட்சுமி குளிக்காம வந்தவ மாதிரி இருக்கா?"

"போன வருசத்து லட்சுமி கடல்ல குளிச்சுக்கிட்டுத்தான் இருக்கா. போய்ப் பாருங்க."

"கடலா ஆர்டர் தரும்? மினுங்கலேன்னா கடைக்காரன் தொடமாட்டான்க்கா."

அவர் பக்கத்து அச்சகத்துக்குப் போனார். மற்ற ஏஜென்ட்டுகளும் அவர் பின்னாலேயே போனார்கள்.

3

(இப்படி ஒரு முதலாளி உண்டுமான்னு எனக்கே சந்தேகம். அவ மனசு மாறி மறுபடி பிளாஸ்டிக் ஒட்டுறாப்புல எழுதிப் பார்த்தேன், கை ஓடல. ஆனா முதலாளி மட்டும் பிளாஸ்டிக்கை விட்டாப் பத்துமா? வாங்குறவுக?)

சாயங்காலம் விருதுநகர் வத்தல் வியாபாரி சீனிவாசகம் வந்தார். பூஜைத் தட்டிலிருந்த குங்குமத்தைத் தொட்டு, படத்தின் நெற்றியில் வைத்தார். ஊதிப் பார்த்தார்.

"அட, நிக்குதே! எங்க வீட்ல தெனம் வைப்பா. பிளாஸ்டிக்குல மத்தியானத்துக்குள்ள உதுந்துரும்."

"ஆர்டர் எழுதவா அண்ணாச்சி?"

அவர் படத்தை வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தார்.

"கடைப் பேரு போட்டுக் குடுக்கிறது. வாங்குறவுக மங்கலா இருக்குன்னுட்டா? நாலு பேர்ட்ட கேட்டுட்டு வாரேன்."

4

முடிவு ஒண்ணு: சீனிவாசகம் பாதி வழியில் திரும்பி… (சினிமா.)

முடிவு ரெண்டு: சொர்ணலட்சுமி சூட்டு மிஷினின் ஸ்விட்சை… (இதை நான் எழுதமாட்டேன்.)

இம்புட்டுதான் என்கிட்ட இருக்கு. அவ ஆல்பத்தை மூடாம உக்காந்திருக்கா. அந்த அண்ணாச்சி கேக்க வாரது உங்ககிட்டதான். மினுங்காத லட்சுமியைச் சுவத்துல மாட்டுவீகளா? வருசம் முடிஞ்சா பழையவளை எங்கன போடுறீக? உள்ளதை உள்ளபடி எழுதுங்க. நானும் அவளும் வாசலைப் பார்த்துக்கிட்டுத்தான் இருக்கோம்.