தளர்த்தாத ஸ்பிரிங்

பாக்கெட் கடிகாரத்தைப் பிரிக்கும் முன், உள்ளே சுருண்டிருக்கும் ஸ்பிரிங்கின் இறுக்கத்தை மெல்லத் தளர்த்திவிட வேண்டும். மற்ற திருகாணிகளெல்லாம் அதற்கு அப்புறம்தான். கடிகாரம் பழுதுபார்க்கிறவன் இதைத் தூக்கத்தில்கூட மறக்க மாட்டான். நான் இன்று காலை, கடையில் உட்கார்ந்து, பட்டப்பகலில் மறந்தேன். ஆத்திரக்காரனுக்குப் புத்தி மட்டு என்று சும்மாவா சொன்னார்கள்.

ஆத்திரம் தம்பி மேல். தாத்தா காலத்துக் கடிகாரத்தை அப்பா அவனுக்குத்தான் கொடுத்தார். இதையே தொழிலாகச் செய்கிற மூத்தவன் நான் குத்துக்கல் மாதிரி இருக்கும்போது, ஒரு திருகாணி முடுக்கத் தெரியாத செல்லப்பிள்ளைக்கு! அது நின்றுபோன பிறகு மட்டும் என்னிடம் தூக்கிக்கொண்டு வருகிறான். மூடியைத் திறந்தேன். காய்ந்த எண்ணெயும் அழுக்கும்தான். கழுவிப் பூட்டினால் ஓடிவிடும். அதை அவனிடம் சொல்லக்கூட மனசு வரவில்லை. அவன் பக்கத்தில் நிற்க, வெடுக்வெடுக்கென்று கழற்றினேன். மேல்தகட்டைத் தூக்கியதும் சர்ரென்று ஒரு சத்தம். சக்கரங்கள் பேய் பிடித்தது போல் சுழன்று நின்றன. ஒன்றின் அச்சு முறிந்து கிடந்தது. இந்தக் காலத்தில் அதற்கு மாற்று கிடைக்காது.

"நான்தான் சாவி ஜாஸ்தி குடுத்துட்டேனாண்ணா?" தம்பியின் முகம் வெளுத்துவிட்டது.

ஊர் உலகமே நம்புகிற கட்டுக்கதை அது. நான் ஆமாம் என்று தலையாட்டினேன், பாவி.

சாயங்காலம் வீட்டில், கட்டிலில் சாய்ந்திருந்த அப்பாவின் முன்னால் அவன் போய் நின்றான்.

"என்னாலதாம்பா உடைஞ்சிடுச்சு."

அப்பா நிமிர்ந்து உட்கார்ந்தார். பிறகு, "உங்கிட்ட குடுத்தது என் புத்திகெட்டத்தனம். பெரியவன்கிட்ட குடுத்திருக்கணும்" என்றார்.

இத்தனை வருடமாக நான் கேட்கத் தவித்த வார்த்தை. கேட்டபோது இனிக்கவில்லை. தம்பி குனிந்த தலை நிமிரவில்லை. அவன் ஒரு வார்த்தை எதிர்த்துப் பேசியிருந்தால் நானும் வாயை மூடிக்கொண்டு இருந்திருப்பேனோ என்னவோ.

"சாவி ஜாஸ்தி குடுத்து எந்தக் கடிகாரமும் உடையாதுப்பா. ஸ்பிரிங்கைத் தளர்த்தாம நான்தான் கழட்டிட்டேன். அவன் மேல தப்பில்ல."

அப்பா கண்ணை மூடிக்கொண்டார். தம்பி என்னையே பார்த்தான். அவன் முகத்தில் கோபம் இல்லை. இருந்திருந்தால் எனக்குக் கொஞ்சம் நிம்மதியாக இருந்திருக்கும்.

"அப்போ காலையில நான் கேட்டப்ப ஏண்ணா தலையாட்டுன?"

பதில் என்னிடம் இருந்தது.